முதலில் பார்த்தவள்

அவள் வந்த முதல் கிழமையே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. காரணம் அவளுடைய கை. இரத்தத் துளியை ஒரு கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும். இழுத்த பூச்சு தலைப்பக்கம் தடிப்பாகவும் வால்பக்கம் மெல்லியதாகவும் வரவேண்டும். அந்த மெல்லிய வாலில்தான் அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகப் படுத்திருக்கும். எனக்கு அது கைவர ஒரு குளிர்காலம் முழுவதும் போனது. அவள் கோயம்புத்தூரிலிருந்து ஜெர்மனியின் எர்லாங்கனுக்கு வந்து, எங்கள் ஆய்வுகூடத்தில் கையுறை மாட்டி, முதல் நாளே இழுத்த பூச்சு கல்லில் மாவை ஊற்றித் தேய்த்த நல்ல தோசை மாதிரி இருந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள், தோசையைத் தடிப்பாகச் சுடுகிறவர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எரிவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. என் அப்பா பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு இறங்கி அகதியானவர். அவருக்கு வந்த கடிதங்களை எல்லாம் படித்துச் சொல்லியே நான் ஜெர்மன் படித்தேன். பிழையில்லாமல் பேசுவேன், அதற்காக இந்த நாட்டில் ஒருவரும் என்னைத் தட்டிக்கொடுத்ததில்லை. அவள் விசாவோடும் உதவித்தொகையோடும் விமானம் ஏறி வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் காலை வணக்கத்தோடு முடிந்தது. அவளுக்காக முழு ஆய்வுகூடமும் ஆங்கிலத்துக்கு மாறியது. என் வீட்டில் என்ன சமைப்போம் என்று அத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்காத பேராசிரியை, அவளிடம் ரசம் வைப்பது எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கும் ரசம் வைக்கத் தெரியும்.

எங்கள் வேலை ஒப்போசம் என்ற பிராணியோடு. தென்னமெரிக்காவில் வாழ்வது, எலியைவிடக் கொஞ்சம் பெரியது, கங்காருவுக்குத் தூரத்து உறவு. ஆனால் கங்காருவின் வயிற்றில் இருக்கும் பை இதற்கு இல்லை. குட்டிகள் தாயின் முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு வெளியே தொங்கியபடியே வளரும். பிறக்கும்போது ஒரு குட்டி கச்சான் என்கிற நிலக்கடலைப் பருப்பு அளவுதான். தோல் அவ்வளவு மெல்லியது. குடித்த பால் வயிற்றில் வெள்ளையாகத் தெரியும், அதற்குப் பக்கத்தில் ஈரல் சிவப்பாகத் தெரியும்.

மனிதப் பிள்ளை தாயின் வயிற்று இருட்டுக்குள் முடித்துவிடுகிற வேலைகளில் பாதியை இது வெளியே வந்துதான் செய்கிறது. இரத்தம் ஊறுவது அதில் ஒன்று. எங்கள் உடம்பில் ஓடும் சிவப்பணுக்களுக்கு நடுவில் கரு கிடையாது. பிறந்த ஒப்போசக் குட்டியின் இரத்தத்தில் கருவோடு கூடிய பெரிய பெரிய சிவப்பணுக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். எலும்புகள் வெறும் குருத்தெலும்பு. இரத்தம் ஊறும் எலும்பு மச்சை என்று ஒன்று உள்ளே இல்லை. அதுவரைக்கும் ஈரல்தான் இரத்தத்தை உண்டாக்கும். நாள் போகப்போக எலும்புக்குள் இடம் உண்டாகி, இரத்தத்தின் தாய் அணுக்கள் அங்கே குடியேறி, ஈரல் மெல்ல மெல்ல ஓய்ந்துவிடும்.

அந்தக் குடியேற்றத்தின் தொடக்கத்தைப் பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. முன்னரும் சிலர் இதைத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் எங்களிடம் இருந்த சாயங்களோடு, அந்த முதல் சில அணுக்கள் மச்சைக்குள் வந்து உட்காருவதை எங்கள் கூடத்தில் ஒருவரும் கண்டதில்லை. அதை முதலில் காண்கிறவள் நானாக இருக்கவேண்டும். பட்டமும் கட்டுரையும் பிறகு. எல்லா வரிசையிலும் கடைசியில் நின்று பழகிய குடும்பம் எங்களுடையது. ஒரு தடவை, ஒரேயொரு தடவை, எனக்கு முன்னால் ஒருவரும் பார்க்காத ஒன்றை நான் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பிள்ளை தங்கியது.

சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் இந்த நாட்டில் ஒருத்தி கர்ப்பம் என்று வேலையிடத்தில் சொன்ன உடனே ஆய்வுகூடத்துக்குள் காலெடுத்து வைக்கமுடியாது. ரசாயனம், விலங்குகள் எல்லாம் தடை. எங்கள் ஆட்களிலோ மூன்று மாதம் போகும்வரை வெளியே சொல்லக்கூடாது, நாவூறு படும். எங்கள் ஆட்களின் வழக்கம் எனக்கு நல்ல வசதியாக இருந்தது. ஒப்போசச் சோடியை நானே ஒரு கூட்டில் சேர்த்துவிட்டிருந்தேன். குட்டிகள் பிறந்து முதல் பூச்சை இழுக்கும்வரையாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். ஃபார்மலின் வேலைகளை மட்டும் தலையிடி என்று சொல்லி அவளிடம் தள்ளிவிட்டேன்.

ஒரு சக ஊழியரின் பிறந்தநாளுக்குப் பழக் கலவை வைத்தார்கள். அன்னாசியும் பப்பாளியும் நிறையக் கிடந்தன. நான் அவற்றைக் கரண்டியால் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஆப்பிளை மட்டும் சாப்பிட்டேன். ஜெர்மன்காரர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் கோப்பையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நடையில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை மாசங்க?"

"என்ன கேக்கிறியள்?"

"பப்பாளியும் பைனாப்பிளும் ஒதுக்கி வச்சீங்க. போன மாசம் நீங்கதான் எனக்குக்கூட மிச்சம் வைக்காம பைனாப்பிள் சாப்பிட்டீங்க. ஃபார்மலின் பக்கமும் வர்றதில்லை. ப்ரொபசர்கிட்ட சொல்லிடுங்க. இதுல ரிஸ்க் எடுக்கக்கூடாதுங்க. குட்டிங்க பிறந்தா நான் ஹேண்டில் பண்ணிக்கறேன்."

அவள் சொன்னதில் கடைசி வசனம் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கொட்டினேன். அவர் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. ஒப்போசம் என்றால் பெருச்சாளி என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"அவ உமக்கு நல்லதுக்குத்தானே சொல்லியிருக்கிறா," என்றார்.

"நீங்கள் அவவுக்கு வக்காலத்து வாங்காதேங்கோ. அவவுக்கு என்ர குட்டியள் வேணும்."

"உம்மட குட்டி உம்மட வயித்துக்குள்ளதான் கிடக்கு. அதை ஒருத்தரும் எடுக்கேலாது."

அன்றிரவு நான் அவரோடு பேசவில்லை.

என் திட்டத்தைக் கவிழ்த்தது அவள் அல்ல, என் பெண் மருத்துவர். ஸ்கேனில் இதயத் துடிப்பைக் காட்டிவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கே வேலையிடத்தில் அறிவியுங்கள் என்றார். திரையில் துடித்ததைப் பார்த்த பிறகு எனக்கும் விளையாட மனம் வரவில்லை. நேரே போய்ப் பேராசிரியையிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார், கண்கலங்கினார், என்னை இருத்தித் தண்ணீர் தந்தார், பிறகு பாதுகாப்பு அலுவலருக்குத் தொலைபேசி எடுத்தார். மத்தியானத்துக்குள் விலங்கறைக் கதவு என் அட்டைக்குத் திறக்க மறுத்துவிட்டது. வாழ்த்தும் பூட்டும் ஒரே நாளில் வந்தன.

அம்மாவுக்குச் சொன்னபோது அவ சந்தோஷப்பட்டா. ஆய்வுக்காகக் குட்டிகளில் சிலவற்றைக் கொல்லவேண்டியிருக்கும் என்பது அவவுக்குத் தெரியும். நானே ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

"நல்லதாப் போச்சு. வயித்தில பிள்ளையோட உயிர்க்கொலை செய்யக்கூடாது," என்றா.

"அம்மா, அதுக்காக இல்லை. ரசாயனத்துக்காகத் தடை."

"எதுக்காக எண்டாலும் சரி."

ஜெர்மன் சட்டமும் அம்மாவின் சட்டமும் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒத்துப்போயின. அதுவும் எனக்கு எதிராக.

நான் சோடி சேர்த்த ஒப்போசம் அடுத்த கிழமையே குட்டி போட்டது. விலங்கறைக் கதவில் முகமளவுக் கண்ணாடி உண்டு. நான் வெளியே நின்று அதில் மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய முதுகுதான் தெரிந்தது. முகமூடியும் நீல மேலங்கியுமாக அவள் கூட்டுக்கு முன்னால் குனிந்திருந்தாள். அவள் நிமிரவே இல்லை. என் பிரசவத்தை வேறொருத்தி பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. வெளியே வந்து முகமூடியை இறக்கியபோது அவள் முகம் முழுவதும் சிரிப்பு.

"எல்லாம் காம்புல ஒட்டிக்கிச்சுங்க. ஒண்ணுகூட விழலை."

"நல்லது," என்றேன். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்கமுடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு மேசை வேலை. அவள் பூச்சு இழுத்து, எலும்புகளைச் சீவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்துப் படமெடுத்து அனுப்புவாள். நான் திரையில் அணுக்களை இனம்பிரித்து எண்ணுவேன். கருவுள்ளவை, கரு இல்லாதவை, வெள்ளை அணுக்கள், அவற்றின் பிஞ்சுகள். ஒவ்வொரு படமும் வந்தவுடன் நான் முதலில் தேடியது பிழையைத்தான். பூச்சு தடிப்பாக இருக்காதா, சாயம் திட்டுத்திட்டாக இருக்காதா, ஓரம் கிழிந்திருக்காதா என்று பெருப்பித்துப் பெருப்பித்துத் தேடினேன். என் படங்களைவிட அவளுடையவை தெளிவாக இருந்தன. பழையவற்றைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது. கடைசியில் ஒரு படத்தில் ஒரு தூசி அகப்பட்டது. அதைச் சிவப்பு வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

"சாரிங்க, இனிமே கவனமா இருக்கேன்," என்று உடனே பதில் வந்தது. கூடவே ஒரு சிரித்த முகம். அந்தத் தூசியை அனுப்பியதற்காக நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் இன்னொன்று அகப்படுகிறதா என்று தேடினேன்.

வயிறு முன்னால் வந்து, மேசைக்கும் எனக்கும் இடையில் தூரம் கூடிக்கொண்டு போனது. இதற்குள் குட்டிகளின் எலும்புச் சீவல்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. குருத்தெலும்பு, குருத்தெலும்பு, பிறகும் குருத்தெலும்பு. ஒரு திங்கட்கிழமை எங்கள் குழுக் கூட்டம். அவள் எழுந்து படத்தைச் சுவரில் போட்டாள். குருத்தெலும்பின் நடுவில் சின்னதாக ஒரு குழி. அதற்குள் கருநீலமாக நாலைந்து அணுக்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தன. தாய் அணுக்களை மட்டும் பிடிக்கும் சாயம் அவற்றைப் பிடித்திருந்தது. குடியேறிகள் வந்துவிட்டார்கள்.

பேராசிரியை கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். எல்லாரும் விரல்முட்டியால் மேசையில் தட்டினார்கள்; ஜெர்மன்காரர்களுக்கு அதுதான் கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிய வேகத்தில் கை நொந்தது. அந்த அறையில் அவளைத் தவிர எல்லாரும் அந்தப் படத்தை ஒரே நேரத்தில் பார்த்தோம். கூட்டிப் பெருக்குகிறவர் உள்ளே வந்திருந்தாலும் என்னோடு சேர்ந்துதான் பார்த்திருப்பார்.

தேநீர் போடுகிற சிற்றறைக்குள் அவள் பின்னாலேயே போனேன். கதவைச் சாத்தினேன்.

"எனக்கு முதல்ல காட்டியிருக்கலாம்தானே?"

அவள் கெண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, திரும்பாமலே பேசினாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே பார்த்துட்டேங்க. உங்களுக்குச் சொல்லணும்னு போனை எடுத்தேன். அப்புறம் வச்சுட்டேன். ரெண்டு நாளாச்சும் அது எனக்கே எனக்குன்னு இருக்கட்டும்னு தோணுச்சு. தப்புதான்."

நான் எதிர்பார்த்தது ஒரு சாட்டு. நேரமில்லை, மறந்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன், இப்படி ஏதாவது.

"நான் இங்க வந்ததே இந்த ப்ராஜெக்டுக்காகத்தான்," என்றாள் அவள். "இன்டர்வியூலயே கேட்டேன். அது வேற ஒருத்தரோடதுன்னு சொல்லிட்டாங்க. வந்து பார்த்தா நீங்க. ஜெர்மன்ல எல்லாரோடயும் ஜோக் அடிச்சுச் சிரிக்கறீங்க, கிளீனிங் பண்றவங்கள்ல இருந்து எல்லாருக்கும் உங்களைத் தெரியுது. குட்டிங்களும் உங்களோடது. தினமும் உங்களைப் பார்த்து வயிறெரிஞ்சுக்கிட்டுத்தான் வேலை செஞ்சேன்."

"என்னைப் பாத்தோ?"

"பின்ன யாரைப் பார்த்துங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இத்தனை மாதமாக நான் தனியே சுமந்ததில் பாதியை அவளும் சுமந்திருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அவள் எரிந்தாள் என்ற செய்தி, உண்மையைச் சொன்னால், இனித்தது. தேநீரை ஆளுக்கொரு கோப்பை ஊற்றி நின்றபடியே குடித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அழுதேன். அவள் வெள்ளிக்கிழமை பார்த்த அந்தக் கணத்தை எனக்கு ஒருவராலும் திருப்பித்தர ஏலாது. கட்டுரையில் என் பெயரை முதலில் போடச் சொல்லி அவளே பேராசிரியையிடம் கேட்டதாகப் பிறகு அறிந்தேன். அதுவும் அந்த இடத்தை நிரப்பவில்லை.

மகள் பிறந்தாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டொரு நாளில் குதிக்காலில் குத்தி, நோய்ப் பரிசோதனைக்காக ஓர் அட்டையில் இரத்தம் எடுப்பார்கள். அது எனக்கு முன்னரே தெரியும். பிறந்த மனிதப் பிள்ளையின் இரத்தத்திலும் கருவோடு கூடிய சிவப்பணு ஒன்றிரண்டு சில நாட்களுக்குத் தப்பிக் கிடக்கும் என்பதும் தெரியும். அவள் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வருவதாகச் செய்தி அனுப்பியபோது, வரும்போது கழுவிய ஸ்லைட் இரண்டு கொண்டுவாங்கோ என்று எழுதினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விளங்குகிறவள் உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள், அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

தாதி அட்டையின் வட்டங்களை நிரப்பிவிட்டு, பிள்ளை வீரிட்டு அழ, பஞ்சை எடுக்கத் திரும்பினார். குதிக்காலில் இன்னும் ஒரு துளி நின்றது. ஒரு துளி தருவீர்களா என்று கேட்டேன். அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஸ்லைடை அவள் நீட்டினாள். ஆனால் இழுத்தது நான். என் பிள்ளையின் இரத்தத்தையுமா அவள் இழுக்க விடுவேன்? பூச்சு தடிப்பாகத்தான் வந்தது. அவள் அதைக் காற்றில் அசைத்து உலர்த்தி, பெட்டியில் வைத்து, பையில் போட்டுக்கொண்டாள்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் விசர், முழுப் பைத்தியம்," என்றார் பக்கத்துக் கதிரையில் இருந்த கணவர்.

அவள் சைக்கிளில் ஏறிப் போவதை யன்னலால் பார்த்தபோதுதான் உறைத்தது. சாயம் போடப்போவது அவள். நுணுக்குக்காட்டி இருப்பது அவளிடம். என் மகளின் இரத்தத்தையும் அவள்தான் முதலில் பார்க்கப்போகிறாள். கூப்பிட்டு, பார்க்காதேங்கோ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பாலூட்டும்போதும், பிள்ளை நித்திரையாகும்போதும், என்னவாக இருந்தது என்று கேட்டுச் செய்தி எழுதுவேன், அழிப்பேன். அவளும் ஒன்றும் எழுதவில்லை. பார்த்துவிட்டாள், தனக்கே தனக்கென்று வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

வெயில் நன்றாக வந்த ஒரு நாள் பிள்ளையை எல்லாருக்கும் காட்டப் போனேன். கேக் வெட்டி, ஆளாளுக்குத் தூக்கி முடிந்த பிறகு, அவள் என்னை மாணவர்கள் படிக்கும் அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே பிள்ளையோடும் போகலாம், ரசாயனம் இல்லை, வெறும் நுணுக்குக்காட்டிகள்தான். மேசையில் அந்தப் பெட்டி இருந்தது.

"ஸ்டெயின் பண்ணி வச்சிருக்கேன். பார்க்கலைங்க. இதை நீங்கதான் முதல்ல பார்க்கணும்."

நான் நன்றி சொல்லவில்லை. ஸ்லைடை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். அணுவின் கருவைத் தெளிவாகப் பார்க்கவேண்டுமானால் ஸ்லைடில் ஒரு துளி எண்ணெய் விட்டுத்தான் பெரிய வில்லையை இறக்கவேண்டும். பார்த்த ஸ்லைடில் அந்த எண்ணெயின் மினுக்கம் இருக்கும். இதில் இருக்கவில்லை. நான் என்ன தேடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

எண்ணெய் விட்டேன். கண்ணை வைத்தேன். தடித்த தலைப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வால்பக்கம் நகர்த்த நகர்த்தச் சிவப்பணுக்கள் தனித்தனியாகப் பிரிந்தன. நடுவில் வெளிறி, கரு இல்லாமல். ஓரத்துக்குக் கிட்ட ஒன்று அகப்பட்டது. நடுவில் உருண்டையாகக் கரு, கறுப்பாக, வட்டமாக. ஒன்றேயொன்று. என் வயிற்றுக்குள் இருந்த காலத்தின் மிச்சம். இதற்கு முன் ஒருவரும் அதைக் கண்டதில்லை. நான் அழுதபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் நின்று பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் பார்க்கட்டுமா என்று அவள் கேட்கவே இல்லை. கடைசியில் நானே எழும்பி இடம் விட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளை தள்ளுவண்டிக்குள் நித்திரை. எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனால் பாதி வழியில் மனம் மறுபடி வேலையைத் தொடங்கியது. எண்ணெயைக் கரைப்பானில் துடைத்தால் அடையாளம் தெரியாது. எண்ணெய் இல்லாமல் சின்ன வில்லையிலும் ஒருவாறு பார்க்கலாம். அத்தனை கிழமை அந்தப் பெட்டி அவளுடைய மேசையின் இழுக்கும் லாச்சிக்குள், நுணுக்குக்காட்டிக்குக் கைநீட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறது. பார்க்காமல் இருந்திருப்பாளா? வீடு வந்துசேரும்வரை அவள் முகத்தை எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

நான் என்றால் அன்றைக்கே பார்த்திருப்பேன். பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்றும் சொல்லியிருப்பேன்.